சலானின் பின்பக்கம்

அன்புள்ள கயல்,

ஆன்லைன் மோசடிகளைத் தடுக்கும் ஹேக்கத்தானுக்குக் கல்லூரியில் குழு சேர்க்கிறார்கள், என்ன செய்யலாம் என்று கேட்டிருந்தாய். எனக்குக் கோடிங் தெரியாது. ஆனால் முப்பது வருஷம் வங்கிக் கவுன்ட்டரில் உட்கார்ந்ததில், பணத்தைத் தொலைத்தவர்களின் முகம் தெரியும். அதை வைத்துச் சொல்கிறேன்.

நான் ஓய்வு பெறக் கொஞ்ச நாள் இருக்கும்போது, பெரியவர் ஒருவர் எஃப்.டி.யை உடைக்க வந்தார். "பேத்திக்கு ஃபீஸ் கட்டணும்" என்றார்; கை நடுங்கியது. சட்டைப் பையில் இருந்த போனில் யாரோ லைனிலேயே இருந்தார்கள். நான் வாய் திறக்கவில்லை. ஒரு சலானின் பின்பக்கத்தில் "போனில் யார்?" என்று எழுதி நகர்த்தினேன். "போலீஸ். வெளியே சொன்னால் கைது" என்று எழுதினார். "போனில் யாரையும் கைது செய்ய முடியாது. கட் பண்ணுங்க" என்று எழுதிக் கொடுத்தேன். வெகுநேரம் அந்தத் தாளையே பார்த்தார். பிறகு போனை அணைத்துவிட்டு அங்கேயே உட்கார்ந்து அழுதார்.

அவர் விவரம் தெரியாதவர் அல்ல. பயமுறுத்தி, அவசரப்படுத்தி, வீட்டாரிடம்கூடப் பேசவிடாமல் தனிமைப்படுத்தியிருந்தார்கள். இந்த மிரட்டலை "டிஜிட்டல் கைது" என்பார்கள்; அப்படி எதுவும் நம் சட்டத்தில் கிடையாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் அதைச் சொன்னார். ஆனால் பயந்துபோன மனசுக்கு அந்த நேரத்தில் அது நினைவுக்கு வராது. பயம், அவசரம், தனிமை என்ற இந்த மூன்றில் ஒன்றையாவது உங்கள் கண்டுபிடிப்பு உடைக்க வேண்டும்.

அடுத்து, குழு. 2017இல் தொடங்கிய ஸ்மார்ட் இந்தியா ஹேக்கத்தானில் குழுவுக்கு ஆறு பேர். ஒரு பெண்ணாவது இருந்தாக வேண்டும். மென்பொருள் பிரிவின் இறுதிச் சுற்று 36 மணி நேரம். சைபர் குற்றங்களுக்கென்றே 2023இல் 'கவச்' என்ற போட்டியும் நடந்தது. எந்தப் போட்டியானாலும், "எல்லா மோசடியையும் பிடிக்கும் ஆப்" என்று கிளம்பாதீர்கள். கைக்கு அடங்கும் ஒரு சின்னச் சிக்கலை எடுங்கள்.

போலி இணைய முகவரியையே எடுத்துக்கொள். ஆங்கிலச் சிறிய 'ஏ' எழுத்தும், ரஷ்ய மொழியில் அதே வடிவில் உள்ள எழுத்தும் கண்ணுக்கு ஒன்றுதான்; ஒன்றின் இடத்தில் மற்றதை வைத்துப் போலி முகவரி செய்வார்கள். கணினியின் யூனிகோடு கணக்கில் முன்னது 97, பின்னது 1072. மனிதக் கண் ஏமாறும் அந்த இடத்தில் இயந்திரம் ஏமாறாது. உங்கள் வேலை அங்கே இருக்கிறது.

இன்னொன்று சொல்கிறேன். பணம் போனதும் சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கு அழைக்க வேண்டும். மோசடிப் பணம், பிறரிடம் வாடகைக்கு எடுத்த வங்கிக் கணக்குகளில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிக்கொண்டே போகும். புகார் சீக்கிரம் போனால் வழியிலேயே முடக்க வாய்ப்பு அதிகம். ஆனால் பதறிப்போனவருக்குப் பரிவர்த்தனை எண் எங்கே இருக்கிறது என்றே தெரியாது. வங்கி எஸ்.எம்.எஸ்.களிலிருந்து எண், தொகை, நேரம் மூன்றையும் எடுத்துத் தமிழில் பெரிய எழுத்தில் காட்டும் சின்னக் கருவி போதும், எத்தனையோ குடும்பங்களுக்கு உதவும். அந்த விவரங்கள் போனை விட்டு வெளியே போகக் கூடாது. திருடனைப் பிடிக்கிறேன் என்று நாமே வீட்டுக் கதவைத் திறந்து வைக்கக் கூடாது.

ஆறு பேரும் கோடிங் தெரிந்தவர்களாக இருக்க வேண்டாம். ஏமாந்தவர்களிடம் உட்கார்ந்து பேச ஒருவர், எளிய தமிழில் எழுத ஒருவர் வேண்டும். ஏமாந்தவரிடம் "எப்படி நம்பினீங்க?" என்று கேட்காதீர்கள், அது குத்திக்காட்டுவது. "முதல்ல என்ன சொன்னாங்க?" என்று கேளுங்கள்.

செய்து முடித்ததும் உன் ஆச்சி கையில் கொடு. எந்த இடத்தில் அவர் விரல் தயங்குகிறதோ அங்கே திருத்து. எச்சரிக்கை தரும் கருவியானால் இதையும் கவனி: நல்ல செய்திக்கெல்லாம் அபாய மணி அடித்தால் 'புலி வருது' கதையாகிவிடும்; நிஜமாகவே புலி வரும் நாளில் யாரும் திரும்பிப் பார்க்க மாட்டார்கள்.

பரிசு வந்தால் சந்தோஷம். வராவிட்டாலும் போட்டியோடு அதை மூட்டை கட்டிவிடாதே. அன்று என் கையில் இருந்தது ஒரு சலானும் பேனாவும். அந்தப் பெரியவர் கவுன்ட்டருக்கு வந்ததால் பிழைத்தார். இன்று பலர் வீட்டுக்குள் இருந்தபடியே போனில் பணத்தை அனுப்பிவிடுகிறார்கள். எதிரில் யாரும் இல்லை. அவர்கள் முன்னால் அந்தச் சலானை நகர்த்தும் கையாக நீங்கள் ஆறு பேரும் இருங்கள்.

அன்புடன்,
உன் அத்தை