பழைய லாரி: வைத்துக்கொள்வதா, மாற்றுவதா?

எஞ்சின் புகை தள்ளுகிறது என்பதற்காக மட்டும் லாரியை விற்றுவிடாதீர்கள். எஞ்சின் வேலை பார்த்துச் சரிசெய்துவிடலாம். சேஸில் விரிசலோ ஆழமான துருவோ இருந்தால்தான் கவலை. வெல்டிங் வைத்த சேஸை நம்பி முழு பாரம் ஏற்றவே கூடாது. டிரைவரின் உயிர் அதில்தான் இருக்கிறது.

அடுத்தது கணக்கு. கடந்த ஓராண்டின் ஒர்க்‌ஷாப் பில், எஃப்.சி. (தகுதிச் சான்று) செலவு, வண்டி நின்ற நாட்களில் கைவிட்டுப்போன வாடகை எல்லாவற்றையும் கூட்டுங்கள். கடைசியாகச் சொன்னதைப் பலரும் எழுதி வைப்பதே இல்லை. மொத்தம் புது வண்டியின் ஓராண்டுத் தவணையை நெருங்கினால் மாற்றுவதே சரி.

8 ஆண்டு தாண்டினால் ஆண்டுதோறும் எஃப்.சி. எடுக்க வேண்டும். விற்பதென்றால் அது காலாவதியாகும் முன்பே பேசி முடியுங்கள். கடன் தீர்ந்து, உள்ளூர் செங்கல் நடைக்கு மட்டும் ஓடும் வண்டியை வைத்துக்கொள்ளலாம்.