பராமரிப்பில் இருந்துகொண்டே தொழில் நடத்தும் முறை

முதுகுத்தண்டில் அடிபட்டோ, பக்கவாதத்தினாலோ, தசைச்சிதைவு போன்ற நாட்பட்ட வியாதியினாலோ தம் சரீரத்தின் அன்றாடக் காரியங்களுக்குப் பிறர் கையை எதிர்பார்க்க வேண்டிய நிலைக்கு வந்துவிட்ட ஒருவர், வீட்டிலே ஹோம் நர்ஸையோ அட்டெண்டரையோ அமர்த்திக்கொண்டு, தமக்கென ஒரு ஜீவனோபாயத்தையும் தேடிக்கொண்டு, தம் தெய்வ வழிபாட்டையும் விடாமல் நடத்திவர விரும்பினால், அவர் எதை முதலில் செய்ய வேண்டும், எதைப் பின்னுக்குத் தள்ளலாம் என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். இப்படிப்பட்ட வீடுகளுக்குப் போய்வந்ததில், திறமைக் குறைவால் தொழிலைக் கைவிட்டவர்களைக் காட்டிலும், பொழுதைப் பங்கிடத் தெரியாமல் கைவிட்டவர்களையே நான் அதிகமாகக் கண்டிருக்கிறேன்.

இது நடக்கிற காரியமா என்று சந்தேகிப்பவர்களுக்கு இரண்டு பெயர்களைச் சொல்லலாம். 1954-ல் நேர்ந்த மோட்டார் விபத்தில் கால்கள் செயலிழந்த வேலூர் டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். 1966-ல் வேலூரில் புனர்வாழ்வு நிலையம் ஏற்பட மூலகாரணமாகவும் இருந்தார். ஆய்க்குடியில் 1981-ல் அமர் சேவா சங்கத்தைத் தொடங்கிய எஸ். ராமகிருஷ்ணன் கழுத்துக்குக் கீழே செயலிழந்தவர். நமக்கு அத்தனை பெரிய ஸ்தாபனங்கள் வேண்டாம். மாதம் தவறாமல் பத்துப் பன்னிரண்டு வாடிக்கைக்காரர்களுக்குச் சொன்ன வேலையைச் சொன்ன தேதியில் முடித்துக்கொடுத்தால் போதும்.

பெரும்பாலோர் தொழிலை முதலில் தீர்மானித்துவிட்டு, அதில் மிஞ்சிய நேரத்தில் சரீர காரியங்களை நுழைக்கப் பார்க்கிறார்கள். கிரமம் இதற்கு நேர்மாறானது. சரீரத்துக்குரிய வேளைகளை முதலில் குறித்து, அடுத்தபடியாக வழிபாட்டின் வேளையைக் குறித்து, எஞ்சி நிற்கும் நேரத்தைப் பார்த்த பிறகே தொழிலைத் தேட வேண்டும். நகர்த்த முடியாத வேளைகள் சில உண்டு. சுத்தமான குழாய் செருகிச் சிறுநீரை அவ்வப்போது வெளியேற்றுபவருக்கு நான்கு மணி முதல் ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை அது நடந்தாக வேண்டும். காலை உணவுக்கோ, சூடான காபிக்கோ பின்னர் இருபது முப்பது நிமிஷத்தில் குடல் தானாக அசையும் இயல்புடையதாகையால், மலம் கழிக்கும் நியமத்தை அந்த வேளைக்கே வைத்துக்கொள்வது உசிதம். அதற்கு ஒரு மணி நேரம்கூட ஆகலாம், அவசரப்படுத்தினால் மத்தியானம் வாடிக்கைக்காரரோடு பேசிக்கொண்டிருக்கும்போது அவஸ்தைதான். படுக்கையில் இருப்பவரை இரண்டு மணிக்கொருமுறை புரட்டிவிட வேண்டும். நாற்காலியில் உட்கார்ந்து வேலை செய்பவர் கால்மணி அரைமணிக்கொருமுறை கைகளை ஊன்றி எழும்பியோ, முன்பக்கமாகக் குனிந்தோ, ஒருபுறமாகச் சாய்ந்தோ ஓரிரு நிமிஷம் பாரத்தை மாற்றியே ஆக வேண்டும். இதற்குக் கைபேசியில் அலாரம் வையுங்கள். ஞாபகசக்தியை நம்பாதீர்கள், வேலையில் மனம் லயித்தவுடன் முதலில் மறப்பது இதைத்தான்.

என் அபிப்பிராயத்தில் தொழில் நேரம் காலை பத்து முதல் ஒன்றுவரை, மாலை நான்கு முதல் ஐந்தரைவரை. அதற்குமேல் ஒரு நிமிஷமும் கூடாது. இரவில் வேலை செய்கிறவர்களுக்குப் புரட்டிவிடும் வேளை தவறுகிறது, அட்டெண்டரின் தூக்கமும் கெடுகிறது.

இனி, எல்லோரும் இடறி விழுகிற இடத்துக்கு வருகிறேன். ஆள் மாறும். ஏஜென்சி மூலம் வந்தவரானாலும், தெரிந்தவர் சொல்லி வந்தவரானாலும், பொங்கலுக்கு ஊருக்குப் போனவர் திரும்பாமல் இருப்பதும், மகளின் பிரசவத்துக்கென்று திடீரெனக் கிளம்புவதும் சகஜம். அதில் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. ஆனால் ஒவ்வொரு முறை ஆள் மாறும்போதும், பராமரிப்பில் இருப்பவர் தம் சரீரத்தைப் பற்றிய சகல விஷயங்களையும் ஆதியோடந்தமாக வாயால் சொல்லிக்கொடுக்க நேர்வதால், அந்த வாரம் முழுவதும் தொழில் நின்றுபோகிறது. இப்படி இரண்டு மூன்று முறை நின்றால் வாடிக்கைக்காரர் வேறிடம் பார்த்துக்கொள்கிறார். இதற்குப் பரிகாரம் ஒரு நாற்பது பக்க நோட்டு. இந்த நோட்டு இல்லாமல் தொழில் தொடங்கவே கூடாது என்பது என் திடமான அபிப்பிராயம்.

அதில் மருத்துவமனைச் சீட்டுகளை ஒட்டிவைப்பதனால் பிரயோஜனம் இல்லை. விழித்ததிலிருந்து தூங்கும்வரை ஒவ்வொரு காரியமும் எந்த மணிக்கு, எந்த வரிசையில், எந்தப் பொருளைக் கொண்டு நடக்க வேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில், ஒரு பக்கத்துக்கு ஒரு காரியமாக, எட்டாம் வகுப்புப் படித்தவரும் தடங்கலின்றிப் படிக்கும்படி எழுத வேண்டும். காரணத்தையும் கூடவே எழுத வேண்டும். காரணம் தெரியாத கட்டளையை யாரும் அதிக நாள் பின்பற்றுவதில்லை. உதாரணமாக, சிறுநீர்க் குழாய் எப்போதும் உள்ளேயே இருப்பவரைப் படுக்கையிலிருந்து நாற்காலிக்கு மாற்றும் பக்கம் இப்படி இருக்கலாம்: “முதலில் கட்டில் கம்பியிலிருந்து யூரின் பேக்கைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள். அதை இடுப்பு மட்டத்துக்கு மேலே தூக்க வேண்டாம். தூக்கினால் சிறுநீர் திரும்பி உள்ளே போகும். பிறகு நாற்காலியின் இரண்டு பிரேக்கையும் போடுங்கள். ஆளை நகர்த்துவது அதற்கப்புறம்தான்.” இந்த வரிசை தலைகீழானால் என்ன நடக்கும் என்பதைப் புது ஆளுக்குக் குழாயைக் காட்டியே விளக்குங்கள்: அதன் நுனியில் நீர் நிரப்பிய சிறு பலூன் உள்ளே இருக்கிறது, பேக் கம்பியில் மாட்டியபடி இருக்க, ஆளை மட்டும் தூக்கினால், பலூனோடு குழாய் இழுபட்டு ரத்தம் வந்துவிடும். ஒருமுறை கண்ணால் பார்த்துப் புரிந்துகொண்டவர் பிறகு மறப்பதில்லை. பக்கவாதம் கண்டவராயின், “விழுந்த கையைப் பிடித்து இழுத்துத் தூக்க வேண்டாம், தோள்மூட்டு விலகும்” என்பதைச் சிவப்பு மையில் எழுதுங்கள். தமிழ் தெரியாத வடமாநிலத்தவர் வேலைக்கு வந்தால், பழைய அட்டெண்டர் செய்வதைக் கைபேசியில் வீடியோவாக எடுத்து வைத்திருப்பது நோட்டைவிட மேலானது.

பழைய ஆளும் புது ஆளும் ஒன்றாக இருக்கும்படி குறைந்தது இரண்டு நாளாவது ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். இரட்டைச் சம்பளமாகிறதே என்று கணக்குப் பார்க்காதீர்கள். ஒரு படுக்கைப் புண்ணுக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது ஒரு செலவே அல்ல.

நோட்டையும் பயனற்றதாக்கிவிடும் ஒரு வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அட்டெண்டர் அறைவாசலில் நின்று, “அம்மா, சாரை இப்ப குளிக்க வைக்கட்டுமா?” என்று உள்ளே இருப்பவரின் தாயாரைக் கேட்கிறார், தாயாரும் அடுக்களையிலிருந்தபடியே, “கொஞ்சம் நேரம் போகட்டும், சாம்பார் கொதிக்குது” என்று பதில் சொல்கிறார். பத்து மணிக்கு வாடிக்கைக்காரரைக் கூப்பிடுவதாக வாக்களித்தவர், தலையில் எண்ணெயும் உடம்பில் பாதிச் சட்டையுமாகப் படுத்திருக்க நேர்கிறது. இதில் தாயாரின் பாசத்துக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்தக் கேள்வி போக வேண்டிய இடத்துக்குப் போகவில்லை. முதல் நாளே, “என்னையே கேளுங்கக்கா, ஒன்பதுக்குக் குளிக்க வைங்க” என்று அவர் வாயால் சொல்ல வேண்டும். தாயாரும், “அவன்கிட்டயே கேட்டுக்கோங்கம்மா” என்று ஒவ்வொரு தடவையும் அலுக்காமல் திருப்பிவிட வேண்டும். பேச்சு குழறுகிறவராயின், மணியடித்தோ எழுத்துப் பலகையில் சுட்டியோ பதில் சொல்லும்வரை அட்டெண்டர் காத்திருக்கட்டும். தம் சரீரத்தின் அன்றாடத்தைத் தாமே நடத்தாதவரால் ஒரு தொழிலை நடத்த முடியாது.

வழிபாட்டுக்கு வருவோம். குழாயும் டயப்பருமாக இருக்கும் சரீரத்தோடு சுவாமி அறைக்குப் போகலாமா என்ற தயக்கத்தினால், பால்யம் முதல் விடாத அனுஷ்டானத்தை மனத்தாங்கலோடு விட்டுவிட்டவர்களைப் பார்க்கும்போது எனக்கு மிகுந்த வருத்தம் உண்டாகிறது. எந்த மார்க்கத்திலும் நோயாளிக்கு விலக்கும் இளக்கமும் உண்டு. நம் சம்பிரதாயத்தில் மனத்தினாலேயே சகல உபசாரங்களையும் செய்யும் மானச பூஜை இருக்கிறது. இஸ்லாத்தில் நிற்க இயலாதவர் உட்கார்ந்தும், அதுவும் இயலாதவர் படுத்து ஜாடையினாலும் தொழலாம். தண்ணீர் ஆகாதவருக்கு, மண்ணால் சுத்தி செய்துகொள்ளும் தயம்மும் இருக்கிறது. சிறுநீர் நில்லாதவருக்கும் தனிச் சட்டம் இருப்பதால், அதை ஊர் ஆலிமிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். கத்தோலிக்கரானால், பங்குத்தந்தையிடம் சொல்லிவைத்தால் நற்கருணையை வீட்டுக்கே கொண்டுவந்து தருவார். ஆகவே குளித்து முடித்ததும், தொழிலுக்கு உட்காருமுன், அரைமணி நேரத்தை இதற்கென்று ஒதுக்குங்கள். அந்த அரைமணியில் கைபேசி அடுத்த அறையில் இருக்கட்டும்.

பூஜை அலமாரியை நாற்காலியில் உட்கார்ந்தவரின் கண்மட்டத்துக்கு இறக்குங்கள்; அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்க வேண்டியதில்லை. ஆக்ஸிஜன் இயந்திரம் ஓடும் அறையில் விளக்கு, கற்பூரம், ஊதுபத்தி எதுவுமே கூடாது. துணியிலும் மெத்தையிலும் ஆக்ஸிஜன் தங்கியிருப்பதால் ஒரு பொறி போதும். அங்கே பேட்டரி விளக்கு வைத்துக்கொள்வதில் எந்த அபசாரமும் இல்லை. உணர்வற்ற தொடைமீது சூடான சர்க்கரைப் பொங்கல் பாத்திரத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். தோல் வெந்துபோனது மாலையில் உடை மாற்றும்போதுதான் தெரியவரும். தையற்காரர்கள் இஸ்திரிப்பெட்டி விஷயத்திலும் இவ்வாறே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். அட்டெண்டர் வேறு மதத்தவராயின், விளக்கேற்றித்தர, பூப்பறித்துத்தர அவருக்குச் சம்மதமா என்று வேலைக்கு அமர்த்தும்போதே கேட்டுவிடுங்கள். அவருடைய தொழுகைக்கும், ஞாயிற்றுக்கிழமை அவர் கோயிலுக்குப் போய்வருவதற்கும் நேரம் விட்டே உங்கள் அட்டவணையைப் போடுங்கள்.

தொழிலைத் தேர்ந்தெடுக்க மூன்று பரீட்சைகள் போதும். பாதியில் நிறுத்தினால் கெட்டுப்போகாததாக இருக்க வேண்டும். வாடிக்கைக்காரர் வாசலில் வந்து நிற்க வேண்டாததாக இருக்க வேண்டும். அட்டெண்டரின் கை இல்லாமல் நடக்கக்கூடியதாக இருக்க வேண்டும். கணக்கெழுதுதல், டிடிபி, மெய்ப்புத் திருத்துதல், பிள்ளைகளுக்கு ஆன்லைனில் பாடம் சொல்லுதல், கையால் இயக்கும்படி மாற்றிய மின்தையல் எந்திரத்தில் தைத்தல் இவையெல்லாம் மூன்றிலும் தேறும். ஊறுகாயும் பொடியும் தேறா. அரைப்பதும் வறுப்பதும் அட்டெண்டர் தலையில் விழும், அவர் அதற்கு வந்தவர் அல்லர். அவர் மனமுவந்து உதவினால் அதற்குத் தனி நேரமும் தனிக் கூலியும் பேசிக்கொள்ளுங்கள். எவ்வளவு நம்பிக்கையானவரானாலும் ஏடிஎம் ரகசிய எண்ணையும் ஓடிபியையும் அவரிடம் கொடுக்காதீர்கள். பின்னால் ஏதேனும் கணக்கு இடித்தால் பழி அவர்மீது விழாமலிருக்க அதுவே பாதுகாப்பு.

தேதி கொடுக்கும்போது உங்களுக்கு வேண்டிய நாட்களை இரட்டிப்பாக்கிச் சொல்லுங்கள். மாதாந்தர ஜிஎஸ்டி தாக்கல் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் கெடுவாக வருமாகையால், அந்த வேலை செய்கிறவர் 8-க்கும் 17-க்கும் முடித்துவிடுவதாகவே தமக்குத் தாமே வைத்துக்கொள்ள வேண்டும். இடையில் ஒரு நாள் ஜுரம் வராது என்று யார் சொல்ல முடியும்? தொழிலைச் சிறுதொழிலாகப் பதிந்துகொள்ளும் உத்யம் பதிவுக்கு ஆதாரும் பான் எண்ணும் போதும், கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் இடைத்தரகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். முதல் வருஷம் அட்டெண்டரின் சம்பளத்தைத் தொழில் வருமானத்தை மட்டும் நம்பி வைக்காதீர்கள்.

எந்த வேலையானாலும் உடனே நிறுத்த வேண்டிய அடையாளங்கள் இரண்டு. தோலில் சிவந்த இடம் பாரத்தை நீக்கி அரைமணி நேரமாகியும் மறையாவிட்டால், அது மறையும்வரை அந்த இடத்தின்மீது உட்காரவே கூடாது. மார்புத்தண்டின் ஆறாவது எலும்புக்கோ அதற்கு மேலோ அடிபட்டவருக்குத் திடீரென மண்டையிடியும், முகத்தில் வியர்வையும் சிவப்பும் கண்டால், ரத்த அழுத்தம் அபாயகரமாக ஏறுகிறதென்று அர்த்தம். நிமிர்த்தி உட்காரவைத்து, இறுக்கமான துணிகளைத் தளர்த்தி, குழாய் மடங்கியிருக்கிறதா, சிறுநீர்ப்பையோ குடலோ நிரம்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அப்படியும் தணியாவிட்டால் தாமதமின்றி மருத்துவமனைக்குப் போக வேண்டும். இதை நோட்டின் முதற்பக்கத்திலேயே எழுதுங்கள்.

சம்பளத்துக்கு ஆள் வைக்க முடியாதவர்கள், தமிழகத்தில் 2021 ஆகஸ்டு 5-ஆம் தேதி தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், நோய்த்தணிப்புப் பராமரிப்பையும் இயன்முறை சிகிச்சையையும் வீட்டிலேயே பெறலாம். பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைக் கொடுத்தால் போதும். தண்டுவடப் பாதிப்பு, தசைச்சிதைவு, கடுமையான ஊனம் முதலியவற்றுக்கு மாநில அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாயாக உயர்த்தப்பட்டது. இதற்கு மாற்றுத்திறனாளி அடையாள அட்டை அவசியம். மருத்துவப் பரிசோதனைக்கு நேரில் போக வேண்டியிருக்குமாதலால், உடம்பு சற்று நன்றாக இருக்கும் காலத்திலேயே, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் விண்ணப்பத்தைக் கொடுத்துவிடுங்கள்.