ஒரு வினாடியில் எவ்வளவு தூரம்?

சாலை விபத்தை 'விதி' என்கிறோம். கணக்கோ வேறு சொல்கிறது.

கார் ஒன்று மணிக்கு 36 கிலோமீட்டர், அதாவது வினாடிக்கு 10 மீட்டர், வேகத்தில் வருகிறது. அதற்கு 20 மீட்டர் முன்னால், நிற்கும் பஸ்ஸின் மறைவிலிருந்து ஒரு சிறுவன் பந்தைத் துரத்திச் சாலைக்குள் ஓடுகிறான். ஓட்டுநர் அவனைக் கண்டு, ஆபத்தை உணர்ந்து, பிரேக்கை மிதிக்க ஏறத்தாழ ஒரு வினாடி ஆகும். அதற்குள் கார் 10 மீட்டர் கடந்துவிடும். எதிர்முடுக்கம் 5 மீ/வி² எனக் கொண்டால், நிற்பதற்கு மேலும் 10 மீட்டர் தேவை. சிறுவன் மயிரிழையில் தப்புகிறான்.

வேகம் 72 கிலோமீட்டர் என்றால்? அந்த ஒரு வினாடியிலேயே 20 மீட்டரும் தீர்ந்துவிடும். பிரேக் பிடிக்குமுன்பே மோதல்! இயக்க ஆற்றல் வேகத்தின் இருமடிக்கு நேர்விகிதத்தில் உள்ளது. ஆகவே வேகம் இரட்டித்தால் பிரேக் தூரம் நான்கு மடங்காகி 40 மீட்டர் ஆகும். நிற்க மொத்தம் 60 மீட்டர் வேண்டும்.

மது, தூக்கக் கலக்கம், கைப்பேசி ஆகியவை அந்த ஒரு வினாடியை இன்னும் நீட்டுகின்றன. சிறுவர்களுக்கோ உயரம் குறைவு. வாகனத்தின் வேகத்தைக் கணிக்கும் திறனும் முழுமையாக வளர்ந்திருக்காது. எனவே வேகத்தைக் குறைப்பது பெரியவர் கடமை. பஸ் சென்றபின், இருபுறமும் பார்த்து, தம்பி தங்கையரின் கைபிடித்துக் கடப்பது உங்கள் கடமை.

பயிற்சி: மணிக்கு 54 கிலோமீட்டர் வேகத்தில் கார் நிற்க மொத்தம் எவ்வளவு தூரம் தேவை? (விடை: 37.5 மீட்டர்)