குச்சியும் நோட்டும் போதும்

எங்க ஓரிக்கையிலிருந்து தெற்கே போனா உத்திரமேரூர். பராந்தக சோழன் காலத்து 921ஆம் ஆண்டுக் கல்வெட்டுப்படி அங்கே ஏரி வாரியத்துக்கு 6 பேர்; வயது 35க்கு மேல், 70க்குள். இன்றைக்கு ஏரிக் கணக்கை 35க்குக் கீழே உள்ள பிள்ளைகளிடம் கொடுக்கலாம் என்பேன்.

திருவண்ணாமலை வினிஷா உமாசங்கரைப் பாருங்க. இஸ்திரி வண்டியில் எரியும் கரியைக் கவனிச்சு, பள்ளி வயசிலேயே சூரிய சக்தி வண்டியை வடிவமைச்சார். 2021இல் கிளாஸ்கோ காலநிலை மாநாட்டில் பேசினார். தன் தெருவில் நடப்பதைக் கவனித்ததுதான் தொடக்கம்.

நமக்கு அந்தத் தெரு, ஏரி. சம்பா அறுத்ததும் நவரைக்கு நெல்லா, உளுந்தா என்பதைக் கண்மதிப்பில் முடிவு பண்றோம். பாதியில் தண்ணி நின்னா நெல் பதராயிடும்.

ஊர் இளைஞர்கள் செய்ய வேண்டியது:

1. மதகடியில் அடி, அங்குலம் குறித்த கம்பம் நடுங்கள்.

2. ஞாயிறுதோறும் நீர்மட்டத்தை நோட்டில் எழுதுங்கள். டீக்கடைப் பலகையிலும் போடுங்கள்.

3. மழையில்லாத, மதகு மூடிய வாரத்தில் எவ்வளவு இறங்குதுன்னு பாருங்கள். அது வெயிலும் கசிவும் எடுக்கும் பங்கு. அதைக் கழித்தே மீதியைப் பங்கிடணும்.

நெல்லுக்குச் சுமார் 1,200 மில்லிமீட்டர் தண்ணீர் வேண்டும். உளுந்துக்குச் சுமார் 300. ஏக்கருக்குக் கணக்குப் போட்டால் 48 லட்சம் லிட்டர், 12 லட்சம் லிட்டர். ஒரு ஏக்கர் நெல்லுக்குப் பாய்கிற தண்ணியில் நாலு ஏக்கர் உளுந்து விளையும்.

நவரை விதைக்கும் முன் ஆயக்கட்டுக்காரர்கள் கூடி, அந்த நோட்டைப் பிரித்து வைத்துப் பேசுங்க. கடைமடைக்காரருக்கும் ஒரு விளைச்சல் கிடைக்கும்.