அழையா விருந்தாளிகளா?

முன்னுரை

ஏடும் எழுதுகோலும் போலக் கைப்பேசியும் கணினியும் இன்று மாணவர் வாழ்வில் இடம்பெற்றுவிட்டன. தேர்வு முடிவு, உதவித்தொகை விண்ணப்பம், நூல் தேடல் என எதற்கும் நாம் உலாவியைத் திறக்கிறோம். சில வேளைகளில் அது நாம் கேட்ட பக்கத்தை விட்டு வேறொரு பக்கத்திற்கு நம்மை இழுத்துச் செல்கிறது. உலாவியை மூடிய பின்னரும் சூதாட்ட விளம்பரங்களும், “உங்கள் கைப்பேசியில் வைரஸ்” என்னும் அச்சுறுத்தல்களும் திரையில் வந்து விழுகின்றன.

இவை அனைத்தையும் ‘வைரஸ்’ என்ற ஒரே சொல்லால் குறிப்பது நம் வழக்கம். அச்சொல் பெரும்பாலும் பொருந்துவதில்லை. இத்தொல்லைகளுள் மிகப் பல பூட்டை உடைத்து வந்தவை அல்ல. ஏதோ ஒரு கணத்தில் நாமே கதவைத் திறந்து உள்ளே விட்டவை. எந்த அனுமதியைக் கொடுத்தோம் என்று கண்டறிந்து அதைத் திரும்பப் பெறுவதே உரிய மருந்தாகும். இதனை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொல்லையின் தோற்றம்

இணையத்தில் விளம்பரம் புகுந்த வரலாறு நெடியதன்று. 1994 அக்டோபரில் ‘ஹாட்வயர்ட்’ என்னும் அமெரிக்க இணைய இதழ் பக்கத்தின் தலைப்பில் பட்டை விளம்பரங்களை வெளியிட்டது. அதே பத்தாண்டின் பிற்பகுதியில், தனிச் சாளரமாகத் துள்ளி எழும் ‘பாப்-அப்’ விளம்பரம் பிறந்தது. அதற்கான நிரலை எழுதியவர் ‘டிரைபாட்’ நிறுவனத்தில் பணியாற்றிய ஈதன் சக்கர்மன். தம் நோக்கம் நல்லதாகவே இருந்தது என்று கூறிய அவர், 2014-இல் எழுதிய ஒரு கட்டுரையில் அதற்காக உலகினரிடம் மன்னிப்பும் கேட்டார்.

நோக்கம் எதுவாயினும், பின்னர் வந்தோருக்கு அது வருவாய் வழியாயிற்று. விளம்பரம் ஒருமுறை தோன்றினால் ஒரு தொகை, அதை ஒருவர் தொட்டால் ஒரு தொகை, செயலியை நிறுவினால் ஒரு தொகை எனக் கணக்கிட்டுப் பணம் கைமாறுகிறது. ஒருவரிடம் கிடைப்பது சில காசுகளே எனினும், இலட்சக்கணக்கானோரிடம் திரளும்போது பெருந்தொகையாகிறது. எனவே நம் கவனமும் நாம் தரும் அனுமதியுமே இவ்வாணிகத்தின் சரக்கு எனலாம்.

அறிவிப்புத் தொல்லை

2015-இல் குரோம் உலாவியும், 2016-இல் பயர்பாக்ஸ் உலாவியும் இணையதளங்கள் நேரடியாக அறிவிப்பு அனுப்பும் வசதியை அளித்தன. செய்தித்தாள், மின்னஞ்சல் போன்றவற்றிற்குப் பயன்படும் வசதி இது. ஒரு தளம் ‘அறிவிப்பு அனுப்பலாமா?’ என்று கேட்கும். நாம் ‘அலவ்’ என்ற பொத்தானை அழுத்தினால், உலாவி அத்தளத்திற்கென ஓர் அஞ்சல் முகவரியை உண்டாக்கிக் கொடுக்கிறது. அதன்பின் தளம் அனுப்பும் செய்தி உலாவி நிறுவனத்தின் வழங்கி வாயிலாக நம்மை வந்தடையும். அந்தப் பக்கத்தை நாம் மூடிவிட்டாலும் செய்தி வரும்.

மோசடித் தளங்கள் இந்த ஒரு பொத்தானை அழுத்தவைக்கவே பல வேடம் புனைகின்றன. ‘நீங்கள் ரோபோ அல்லர் என்று காட்ட அலவ் அழுத்துக’, ‘காணொளியைக் காண அலவ் அழுத்துக’, ‘18 வயது நிறைந்தவரா? அலவ் அழுத்துக’ என்பன அவற்றுட் சில. மனிதரா என்று சோதிக்கவோ காணொளி ஓடவோ அறிவிப்பு அனுமதி எதற்கும் தேவையில்லை. இதை நினைவிற் கொண்டாலே பாதித் தொல்லை நீங்கும்.

என் வகுப்புத் தோழர் ஒருவரின் கைப்பேசியில் மணிக்கொருமுறை ‘நான்கு வைரஸ்கள் உள்ளன’ என்ற செய்தி வந்துகொண்டிருந்தது. அஞ்சிய அவர் ஒரு பழுதுநீக்கும் கடையில் கொடுத்தார். அவர்கள் பணம் பெற்றுக்கொண்டு கைப்பேசியை முழுவதும் அழித்துத் தந்தனர். ஓர் ஆண்டுக்காலச் செய்முறைக் குறிப்புகளும், மறைந்த தாத்தாவின் நிழற்படங்களும் போயின. சில நாள்களில் அதே தளம், அதே பொத்தான், அதே செய்தி! அப்போது அவர் அதை என்னிடம் காட்டினார். உலாவியின் அமைப்பில் அத்தளத்தின் பெயருக்கு எதிரே இருந்த அனுமதியை நீக்கியதும் செய்தி நின்றுவிட்டது. வைரஸ் தேடும் செயலிகளுக்கு இது புலப்படாமற்போவது இயல்பே. எந்தக் கோப்பும் நிறுவப்படவில்லை. நாம் கொடுத்த ஒப்புதல் மட்டுமே பதிவாகி இருக்கிறது. பார்வை வரலாற்றை மட்டும் அழித்தாலும் அவ்வொப்புதல் அழியாது.

வழிமாற்றம்

ஒரு பக்கத்தைக் கேட்டால் வேறொரு பக்கத்திற்கு அனுப்புதல் வழிமாற்றம் எனப்படும். இது தன்னளவில் குற்றமன்று. தளத்தின் முகவரி மாறியபோது பழைய முகவரியிலிருந்து புதியதற்கு அனுப்ப 301, 302 என்னும் எண் குறிப்புகள் முறையாகவே வழங்குகின்றன. அதனைத் தீயோர் கையாளும்போதுதான் தொல்லையாகிறது.

வழிமாற்றம் நிகழும் இடம் எது என்று அறிய நான் கைக்கொள்ளும் முறை எளியது. ஒரு குறிப்பிட்ட தளத்தில் மட்டும் நேர்ந்தால், குற்றம் அத்தளத்தில் இருக்கலாம். தளத்தைக் கைப்பற்றியோர், தேடுபொறி வழியே வருவோரை மட்டும் திருப்பிவிடுவதுண்டு. முகவரியை நேரே இட்டுத் திறக்கும் உரிமையாளருக்கு எதுவும் தெரியாது. ஒரே கருவியில் எல்லாத் தளங்களிலும் நேர்ந்தால், அக்கருவியின் உலாவியையோ செயலிகளையோ ஆராய வேண்டும். ஒரே வைஃபையில் இணைந்த எல்லாக் கருவிகளிலும் நேர்ந்தால், வீட்டிலுள்ள ரவுட்டரை ஐயுற வேண்டும்.

மூன்றாவது நிலைக்கு ஒரு விளக்கம் தேவை. நாம் இடும் தளப் பெயரைக் கணினி எண் முகவரியாக மாற்றியே தளத்தை அடைகிறது. பெயருக்கு எண் கூறும் இந்தத் தொலைபேசிக் கையேடு போன்ற அமைப்பிற்கு டி.என்.எஸ். என்று பெயர். கையேட்டையே மாற்றி வைத்துவிட்டால், சரியான பெயரை எழுதினாலும் தவறான வாயிலில் போய் நிற்போம். ‘டி.என்.எஸ். சேஞ்சர்’ என்ற நிரல் செய்தது இதுவே. 2007 முதல் 2011 வரை 100-க்கும் மேற்பட்ட நாடுகளில் ஏறத்தாழ 40 இலட்சம் கணினிகள் இதற்கு இரையாயின. 2011 நவம்பரில் எஸ்டோனியா நாட்டினர் 6 பேர் கைது செய்யப்பட்டனர். அக்கும்பல் ஈட்டியது குறைந்தது 1 கோடியே 40 இலட்சம் டாலர் என்று அமெரிக்க அரசு கூறியது. போலிக் கையேட்டை உடனே நிறுத்தினால் பாதிக்கப்பட்டோருக்கு இணையமே நின்றுபோகும் என்பதால், நீதிமன்ற ஆணையின்படி 2012 சூலை 9 வரை நேர்மையான மாற்று வழங்கிகள் இயக்கப்பட்டன. தொல்லை தந்தவன் பிடிபட்டாலும் நம் கருவியை நாமே திருத்தியாக வேண்டும் என்பதற்கு இது சான்றாகும்.

விளம்பர நிரல்கள்

‘ஆட்வேர்’ எனப்படும் விளம்பர நிரல் பெரும்பாலும் வேறொன்றின் தோளேறி வருகிறது. இலவச மென்பொருளை நிறுவும்போது படிக்காமல் ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று அழுத்திச் செல்கிறோம். இடையே ஒரு கட்டத்தில் அதற்கும் ஒப்புதல் கொடுத்துவிடுகிறோம். கைப்பேசியிலோ விளக்கு, கோப்பு மேலாளர் போன்ற சிறு செயலிகள் ‘பிற செயலிகளின் மேல் தோன்றும்’ அனுமதியைப் பெற்றுக்கொண்டு விளம்பரம் காட்டுகின்றன. திருமண அழைப்பிதழ் என்ற பெயரில் வாட்ஸ்அப்பில் வரும் ‘ஏ.பி.கே.’ கோப்புகள் இவற்றினும் கொடியவை. அவை குறுஞ்செய்திகளைப் படித்து வங்கிப் பணத்தைக் கவர வல்லவை.

உலாவியின் நீட்டிப்புகளில் மற்றோர் இடர் உண்டு. ‘தி கிரேட் சஸ்பெண்டர்’ என்னும் நீட்டிப்பு பல இலட்சம் பேர் நம்பிப் பயன்படுத்தியது. 2020-இல் அதன் உரிமை வேறு கைக்கு மாறியது. தீய நிரல் கொண்டது என்று கூறி 2021 பிப்ரவரியில் கூகுள் அதனை முடக்கியது. பயனர் அனுமதி கொடுத்தது ஒருவருக்கு. அதை அனுபவித்தவர் மற்றொருவர். ஆதலின் ஒருமுறை நல்லது என்று தேர்ந்ததையும் அவ்வப்போது மீண்டும் ஆராய்தல் வேண்டும்.

தீர்க்கும் முறை

1. தேவையற்ற அறிவிப்பு வந்தால் அதன் உள்ளே தொடாதீர்கள். அதன்மேல் விரலை அழுத்திப் பிடித்தால், அனுப்பும் செயலி எது என்பது தெரியும். உலாவி வழியே வந்ததாயின் தளத்தின் பெயரும் அறிவிப்பிலேயே இருக்கும்.

2. குரோமில் மேலுள்ள மூன்று புள்ளிகளைத் தொட்டு ‘செட்டிங்ஸ்’, ‘சைட் செட்டிங்ஸ்’, ‘நோட்டிபிகேஷன்ஸ்’ எனச் செல்க. கணினியில் ‘சைட் செட்டிங்ஸ்’ என்பது ‘பிரைவசி அண்ட் செக்யூரிட்டி’ பகுதியில் இருக்கும். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியலில் அறியாத பெயர்களை நீக்குக. தளங்கள் அனுமதி கேட்பதையே நிறுத்திவிடும் வசதியும் அங்கேயே உண்டு.

3. நீட்டிப்புகளின் பட்டியலைத் திறந்து, நாம் நிறுவாததையும் பயன்படுத்தாததையும் அகற்றுக. தேடுபொறியும் தொடக்கப் பக்கமும் மாறியிருப்பின் திருத்துக. அதன் பின்னும் தொல்லை நீடித்தால் ‘ரீசெட் செட்டிங்ஸ்’ என்பதைப் பயன்படுத்துக. சேமித்த கடவுச்சொற்களும் புத்தகக்குறிகளும் அதனால் அழியா.

4. கைப்பேசித் திரையை விளம்பரம் மறைக்கும்போது, அண்மைச் செயலிகளைக் காட்டும் பொத்தானை அழுத்தினால் அதற்குக் காரணமான செயலி பெரும்பாலும் தெரிந்துவிடும். அதனை நீக்குக. நீக்க இயலாதபடி விளம்பரம் இடைமறித்தால் ‘சேஃப் மோட்’ நிலையில் கைப்பேசியை இயக்கி நீக்கலாம்.

5. இவற்றிற்குப் பிறகே வைரஸ் சோதனை. விண்டோஸ் கணினியில் டிஃபெண்டர் உடன் வருகிறது. இந்திய அரசு 2017-இல் தொடங்கிய ‘சைபர் ஸ்வச்தா கேந்திரா’ கட்டணமின்றித் துப்புரவுக் கருவிகளை வழங்குகிறது. திரையில் தோன்றும் எச்சரிக்கை காட்டும் கருவியை மட்டும் ஒருபோதும் நிறுவலாகாது.

6. ரவுட்டரை ஐயுற்றால், அதன் மேலாண்மைக் கடவுச்சொல்லை மாற்றி, டி.என்.எஸ். எண்களை இணைய நிறுவனம் தந்தவற்றோடு ஒப்பிடுக.

மேலும் ஓர் எச்சரிக்கை. ‘நீங்கள் மனிதர் என்று காட்ட’ விண்டோஸ் விசையுடன் ‘ஆர்’ விசையை அழுத்தி, பின்னர் ‘கன்ட்ரோல்-வி’ அழுத்துமாறு கூறும் பக்கங்கள் 2024 முதல் பரவி வருகின்றன. அதைச் செய்பவர் தீய ஆணையொன்றைத் தம் கையாலேயே இயக்குகிறார். அத்தகைய பக்கத்தை உடனே மூடிவிடுக. பணத்தை இழந்துவிட்டால் தாமதியாமல் 1930 என்னும் எண்ணை அழைத்துப் புகார் செய்க. பணம் பல கணக்குகளுக்குச் சிதறுமுன் அதனை நிறுத்திவைக்க விரைவு ஒன்றே துணை.

முடிவுரை

இம்மருந்துகளுள் எதுவும் கணினி இயல் பயின்றோருக்கே உரியதன்று. வரலாறு பயில்பவரும் தமிழ் பயில்பவரும் கால் மணி நேரத்தில் செய்துவிடலாம். ஆனால் நம் வீடுகளில் இதனினும் பெரிய தேவை ஒன்றுண்டு. ஆங்கிலத்தில் கேட்கப்படும் கேள்வி புரியாமல், நீலநிறப் பொத்தானை அழுத்தினால்தான் அடுத்த பக்கம் வரும் என்று எண்ணி அழுத்துவோர் நம் பெற்றோரும் பாட்டன் பாட்டியருமே. ‘உங்கள் வங்கிக் கணக்கு முடக்கப்படும்’ என்ற பொய்யறிவிப்பைக் கண்டு இரவெல்லாம் உறங்காதவரும் அவர்களே.

எனவே மாணவ நண்பர்கள் ஒவ்வொருவரும் அடுத்த விடுமுறையில் வீட்டிலுள்ள ஒரு கைப்பேசியையேனும் எடுத்து, அனுமதிப் பட்டியலைத் திறந்து, தேவையற்றதை நீக்கி, கைப்பேசியின் மொழியைத் தமிழுக்கு மாற்றிக் கொடுக்க வேண்டுகிறேன். ‘எதுவானாலும் அழுத்துமுன் என்னைக் கேளுங்கள், நான் கோபிக்கமாட்டேன்’ என்று ஒரு சொல்லும் சொல்லுங்கள். கேட்டால் ஏளனம் செய்வார்கள் என்ற அச்சத்தினாலேயே பலர் கேளாமல் அழுத்துகிறார்கள். அந்த அச்சத்தைப் போக்குவது நம் கையில் இருக்கிறது.