உன் பாரமும் ஊர்ப் பாரமும்

ஹட்டன்

அன்பு மகளுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நித்திரை வருவதில்லை என்றும், விடியற்காலை மூன்று மணிக்கே விழித்துக்கொண்டு அன்று ஏறவேண்டிய மலைகளையும் நிரப்பவேண்டிய பதிவேடுகளையும் எண்ணியவாறு படுத்திருப்பதாகவும், லயத்து வாசலில் பிள்ளைகளைக் கண்டால் முன்பு உண்டான சந்தோஷம் இப்போது உண்டாவதில்லை என்றும் எழுதியிருந்தாய். இவற்றுக்கெல்லாம் கீழே, ‘இந்த உத்தியோகத்துக்கு நான் லாயக்கில்லை போலிருக்கிறது’ என்று ஒரு வரி. அந்த வரியைப் பெரியம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். தன் ஆயுளின் பெரும்பகுதியை இதே மலைகளில் உன்னைப்போலவே மருத்துவ மாதாக நடந்து கழித்தவள் அவள். அவள் சொன்னவற்றையும் என் அபிப்பிராயத்தையும் சேர்த்தே எழுதுகிறேன்.

முதலில் அந்த வரியைப் பற்றி. 1974ஆம் ஆண்டில், நியூயோர்க் நகரத்து இலவச வைத்திய நிலையமொன்றில் பணிபுரிந்த ஹேர்பேர்ட் ஃபுரொய்டன்பேர்கர் என்ற மனோதத்துவ நிபுணர், சேவா உணர்ச்சி மிகுந்து வேலைக்கு வந்தவர்களே மற்றவர்களைவிட முந்திச் சோர்ந்து விழுவதைக் கண்டு அதனைப் பற்றி எழுதினார். உலக சுகாதார ஸ்தாபனம் 2019இல் இந்த நிலையை விளக்கியபோது, இது ஒரு வியாதியன்று, வேலைத்தலத்தில் சீர்செய்யப்படாமல் நீடிக்கிற நெருக்கடியின் விளைவு என்று வகுத்து, மூன்று லட்சணங்களைக் கூறிற்று: சக்தி வற்றிப்போகும் ஆயாசம், தொழிலிலிருந்து மனம் விலகிக் கசந்துபோதல், தன்னால் எதுவும் ஆகவில்லை என்கிற எண்ணம். உன் கடிதத்தில் இம்மூன்றும் வரிசையாகவே இருக்கின்றன. ஆகவே, லாயக்கில்லை என்பதை உன் தகுதியைப் பற்றிய தீர்ப்பாக நீ எடுத்துக்கொண்டிருந்தாலும், அது நெடுநாட் களைப்பின் மூன்றாவது லட்சணமே அன்றி வேறில்லை.

உன் வேலையைக் கொஞ்சம் கிட்ட நின்று பார்ப்போம். பிள்ளைக் காம்பராவின் குறுக்கு மரத்தில் தொங்குதராசை மாட்டி, வீறிடுகிற குழந்தையை அதில் இருத்தி, முள் நிலைக்கும்வரை காத்திருந்து, நிறையைப் பதிவேட்டில் புள்ளியாக வைத்து, போன மாதத்துப் புள்ளியோடு சேர்த்துக் கோடு இழுக்கிறாய். பச்சைப் பட்டையில் ஏறவேண்டிய கோடு செம்மஞ்சளுக்குச் சரிகிறது. தாயானவள், கொழுந்து நிறுக்கிற நேரம் தப்பிவிடுமே என்கிற அவசரத்தில், இடுப்பில் கட்டிய படங்கைக்கூட அவிழ்க்காமல் உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நிற்கிறாள். முட்டை கொடுங்கள், பருப்பு கொடுங்கள், கீரை கொடுங்கள் என்று அவளுக்குச் சொல்கிற உனக்கு அவள் வீட்டு அடுப்படி தெரியும். நீ பிறந்ததும் அப்படியொரு லயத்துக் காம்பராவில்தானே! அந்தச் சரிந்த கோட்டை உன் குற்றமாக எடுத்துக்கொண்டு மலையிறங்குகிறாய். உன் நித்திரையைக் கெடுப்பது வேலையின் மிகுதியைக் காட்டிலும் இந்தக் குற்ற உணர்ச்சியே என்பது என் துணிபு.

அந்தக் குற்றம் உன்னுடையதா என்று கணக்கைப் பார். 2016ஆம் ஆண்டின் சனத்தொகை சுகாதார மதிப்பீட்டின்படி, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமில்லாதவர்கள் இலங்கை முழுவதற்கும் ஏறக்குறைய 17 சதவீதமாக இருக்க, தோட்டப்புறத்தில் மட்டும் 32 சதவீதத்தை எட்டியிருந்தார்கள். அந்த வித்தியாசம் உன் தராசில் உண்டானதா, மகளே? தோட்டத்து வைத்திய வசதியைப் பெரும்பாலும் துரைமாரின் கடமையாக விதித்து ஒதுக்கிய 1912ஆம் ஆண்டுச் சட்டமும், நம் சனங்களின் பிரஜாவுரிமையைப் பறித்த 1948ஆம் ஆண்டுச் சட்டமும், நாட்சம்பளம் ஆயிரம் ரூபாவைத் தொடுவதற்கு 2021 வரை காத்திருக்கவைத்த அலட்சியமும், தாத்தா பாட்டி முதல் பேரப்பிள்ளை வரை ஒரே காம்பராவில் படுத்தெழும்பும் வாழ்க்கையும் சேர்ந்து ஒரு நூற்றாண்டுக் காலமாக எழுதிவந்த கணக்கு அது. அதைத் திரிபோஷாச் சத்துமாப் பொட்டலத்தாலும் புத்திமதியாலும் ஒரு பெண் ஒரு வருஷத்தில் நேராக்கிவிடவேண்டும் என்று எந்தச் சுற்றறிக்கையும் சொல்லவில்லை. நீயாகத்தான் உன்மேல் விதித்துக்கொண்டாய். பொதுவாக 3,000 பேருக்கு ஒருவர் என்று வகுக்கப்பட்ட உத்தியோகத்தில், ஆளில்லாத பக்கத்துப் பிரிவையும் சேர்த்துப் பார்த்துக்கொண்டு, இதையும் சுமப்பது யாராலும் முடியாது.

மாசி மாதத்தில் உன் பிரிவில் ஒரு தாய் இறந்ததும், விசாரணைக் கூட்டத்தில் ‘கடைசி வாரம் ஏன் போகவில்லை?’ என்று எல்லோர் முன்னிலையிலும் உன்னை ஒருவர் உரத்துக் கேட்டதும் எனக்கு மிகுந்த வேதனை தந்தன. தாய் மரணம் ஒவ்வொன்றையும் விசாரிக்கும் வழக்கம் குற்றவாளியைத் தேடுவதற்காக ஏற்பட்டதன்று. எந்த இடத்தில் தாமதம் நேர்ந்தது, அடுத்தவளை எப்படிக் காப்பாற்றலாம் என்று காண்பதற்காக ஏற்பட்டது. 1940களின் தொடக்கத்தில் ஒரு லட்சம் பிரசவத்துக்கு 1,500க்கும் அதிகமான தாய்மாரைப் பறிகொடுத்த இந்த நாட்டில் இன்று அத்தொகை சில பத்துகள் என்ற அளவுக்கு இறங்கியிருக்கிறதென்றால், உன்னைப்போலப் பையைத் தூக்கிக்கொண்டு வாசல் வாசலாகப் போன பெண்களுக்கும் அதில் பெரும் பங்கு உண்டு. உன்னை அதட்டியவர் அந்த வழக்கத்தின் நோக்கத்தையே மறந்துவிட்டார். அவருடைய குரலை உன் மனச்சாட்சியின் குரலாக நினைத்துக்கொள்ளாதே.

பெரியம்மா சொல்வது இது. உன் கையில் இருப்பதைச் செய். உன் கையில் இல்லாததை எழுது. எடை குறைந்த பிள்ளையின் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்றால் அதை எழுது. பிரசவ வலி கண்டவளை ஏற்றிவரத் தோட்டத்து லொறி கிடைக்கவில்லை என்றால் திகதியும் நேரமும் போட்டு எழுது. மாதாந்தக் கூட்டத்தில் அதை வாசித்து, சுகாதார வைத்திய அதிகாரியின் கையில் கொடு. அவள் வேலை செய்த காலத்தில், மழைக்காலத்தில் கடக்கமுடியாத ஓர் ஓடையைப் பற்றி மாதந்தவறாமல் இப்படி எழுதிவந்தாள். பாலம் அவள் ஓய்வுபெற்ற பிறகுதான் வந்தது, ஆனால் வந்தது. அதைவிட முக்கியம், எழுதிக்கொடுத்த அன்றிரவு அவள் நிம்மதியாகத் தூங்கினாள் என்பது. அதை நான் பிரத்தியட்சமாகக் கண்டவன்.

இன்னொன்று, உனக்கே உரிய சிரமம். வெளியூரிலிருந்து வருகிற உத்தியோகத்தர் வேலை முடிந்தால் பஸ் ஏறிவிடலாம். நீயோ இந்தத் தோட்டத்துப் பிள்ளை. இரவு பத்து மணிக்கும் ‘மிஸ், சின்னவனுக்குக் காய்ச்சல்’ என்று அத்தையோ மாமாவோ போன் எடுக்கிறார்கள். உயிராபத்தான விஷயத்துக்கு எந்நேரமும் எழும்பு. மற்றதற்கு ‘காலையில் வருகிறேன், அத்தை’ என்று சொல்லப் பழகு. அவர்கள் கோபிக்கமாட்டார்கள், கோபித்தாலும் இரண்டு நாளில் ஆறிவிடும்.

இவ்வளவும் செய்தும் நித்திரை திரும்பாவிட்டால் வைத்தியரிடம் போகவேண்டியதுதான். ‘பைத்திய ஆஸ்பத்திரி’ என்று நம் சனங்கள் அஞ்சி ஒளிக்கிற காலம் போகவேண்டும். அதை மாற்றவேண்டியவர்களில் நீயும் ஒருத்தி. 1990களின் நடுப்பகுதியில் உலகிலேயே தற்கொலை மிகுந்த நாடுகளுள் ஒன்றாக இருந்த இலங்கையில் அது பின்னர் பெரிதும் குறைந்ததற்கு முக்கிய காரணம், கொடிய பூச்சிமருந்துகளை அரசாங்கம் ஒவ்வொன்றாகத் தடைசெய்தது என்று ஆராய்ந்தவர்கள் சொல்கிறார்கள். மனிதர் திடீரென்று மனோதைரியம் பெற்றுவிட்டதால் அது குறையவில்லை. ஏற்பாடு மாறியதால் குறைந்தது. உனக்கும் தைரியம் சொல்வதோடு நிறுத்திக்கொள்ள எனக்கு மனமில்லை, ஏற்பாடு வேண்டும். மனநலக் கிளினிக்குக்கு நான் கூட வருகிறேன். அதுவரையில் நடுராத்திரியில் மனம் தாங்காமற் போனால், தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்குப் பேசு. உன் பெயர் ஊரில் யாருக்கும் தெரியப்போவதில்லை. எனக்குப் பேசினாலும் சரி, எந்நேரமானாலும் நான் எழும்புவேன்.

இரண்டு கிழமை லீவு கேட்டு இந்த வாரமே கடிதம் கொடு. பதில் ஆள் இல்லை என்று சொல்வார்கள். ஆள் போடவேண்டியது அவர்கள் பொறுப்பு. பூரணைக்கு முந்திய நாள் பின்னேர பஸ்ஸில் வந்துவிடு, பெரியம்மா உன் அறையைத் துப்புரவாக்கி வைத்திருக்கிறாள்.

இப்படிக்கு,
உன் பெரியப்பா