பால் சுரக்கும் என்று யாராவது சொன்னீர்களா?

நம்பிக்கை: தாய் பார்த்தால் தாங்கமாட்டாள்.

இறந்து பிறந்த குழந்தையைத் துணியில் சுற்றிப் பாட்டி கையில் கொடுத்துவிடுவோம். தாய் லேபர் வார்டிலேயே கிடக்க, அடக்கமும் முடிந்துவிடும். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கமாட்டோம். கட்டாயப்படுத்திக் காட்டக்கூடாது, ஆனால் கேட்காமலும் விடக்கூடாது. வேண்டாமென்றவள் சற்று நேரத்தில் வேண்டுமென்பாள், அதற்கு இடம் விடுங்கள். தோல் உரிந்திருந்தால், உதடு கறுத்திருந்தால் முன்பே சொல்லிவிட்டுக் காட்டுங்கள். விரல்களை மட்டும் பார்த்தால் போதும் என்பவர்களும் உண்டு.

நம்பிக்கை: குழந்தை இல்லாவிட்டால் பால் ஊறாது.

ஊறும். நஞ்சுக்கொடி வெளியேறியதும் புரொஜெஸ்ட்ரோன் இறங்கும்; பால் சுரக்க அது போதும். ஐந்தாம் மாதத்தில் கலைந்தவர்களுக்கும் வரலாம். இரண்டு மூன்று நாளில், பெரும்பாலும் வீட்டுக்குப் போன பிறகு, மார்பு கல்லாகக் கட்டி ரவிக்கை நனையும். டிஸ்சார்ஜ் சீட்டில் இரும்புச்சத்து மாத்திரை எழுதியிருப்போம், இதை மட்டும் சொல்லியிருக்கமாட்டோம். துணியால் இறுக்கிக் கட்டச் சொல்லாதீர்கள். வலிதான் கூடும், பால் கட்டி வீக்கமும் காணலாம். தாங்கிப் பிடிக்கும் உள்ளாடை, குளிர்ந்த ஈரத்துணி, பாராசிட்டமால் போதும். பொறுக்க முடியாவிட்டால் பாரம் குறையும் அளவுக்குக் கொஞ்சம் பீய்ச்சிவிடலாம். பால் சுரப்பை நிறுத்தப் பிரசவமான முதல் நாளே காபர்கோலின் 1 மில்லிகிராம் ஒரே வேளை கொடுப்பதுண்டு. ரத்தக்கொதிப்பு உள்ளவர்களுக்கு அது ஆகாது. இறந்து பிறப்பவற்றில் பல அந்தக் கொதிப்பால்தான் என்பதால் கேஸ் ஷீட்டைப் பார்க்காமல் யாரும் எழுதவேண்டாம்.

நம்பிக்கை: “சின்ன வயசுதானே, அடுத்தது தங்கும்” என்பது ஆறுதல்.

சொல்பவருக்கு. “குழந்தை இறந்துடுச்சும்மா, எங்களுக்கும் கஷ்டமா இருக்கு” என்றுவிட்டு ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்காருங்கள். படிவங்களைத் தூக்கிக்கொண்டு அலையும் கணவனையும் கூப்பிட்டு உட்காரவையுங்கள். அவரிடம் கையெழுத்தைத் தவிர நாம் எதையும் கேட்பதில்லை.

நம்பிக்கை: உயிரோடு பிறக்காததற்குப் பதிவும் இல்லை, விடுப்பும் இல்லை.

1969-ம் ஆண்டுப் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டப்படி இறந்து பிறப்பதையும் 21 நாளுக்குள் பதியவேண்டும். கருச்சிதைவுக்கு 6 வாரம் ஊதியத்தோடு விடுப்பு 1961-ம் ஆண்டு மகப்பேறு நலச் சட்டத்திலிருந்தே உண்டு. இறந்து பிறந்த சிசுவும் அச்சட்டத்தில் குழந்தைதான்; அதற்கும் மகப்பேறு விடுப்பு உண்டு. வேலைக்குப் போகும் பெண்ணா என்று கேட்டுச் சான்று எழுதிக்கொடுங்கள். பிக்மி என்னும் கர்ப்பிணி, சிசு கண்காணிப்புப் பதிவையும் அன்றே திருத்துங்கள். இல்லாவிட்டால் ஒன்றரை மாதம் கழித்து, குழந்தையைத் தடுப்பூசிக்குத் தூக்கிவரச் சொல்லி அவளுக்கே போன் போகும்.